முதியோருக்கு அஞ்சியோகிராம், ஸ்டென்ட், பைபாஸ்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

எழுபத்தைந்து, எண்பது வயதைத் தாண்டிய தாய் தகப்பனுக்கு அஞ்சியோகிராம் (இருதயக் குழாய்களில் சாயம் செலுத்தி அடைப்பைப் படமெடுக்கும் பரிசோதனை) செய்து பார்க்க வேண்டும் என்று வைத்திய நிபுணர் சொன்னவுடன், வீட்டில் எழும் முதற்கேள்வி "இந்த வயதில் தாங்குவாரா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் வயதை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது. எண்பது வயதிலும் காலையில் சைக்கிளில் போய் வயல் வரம்பைப் பார்த்துவரும் ஒருவருக்கும், கட்டிலில் இருந்து எழுப்பிவிடவே ஆள் தேவைப்படும் ஒருவருக்கும் ஆபத்தும் வேறு, பலனும் வேறு. அதிலும் முக்கியமானது, எந்த நிலைமையில் அந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது என்பது. நம் பக்கத்தில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. மாரடைப்பு வந்த இரவில் "வாயு" என்று ஓமத்தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்கிறோம். ஆறுதலாக யோசிக்க வாரக்கணக்கில் அவகாசம் இருக்கும் நோய்க்கு, நகையை அடகு வைத்து மறுநாளே கொழும்புக்கு வான் பிடிக்கிறோம். எங்கே அவசரப்பட வேண்டும், எங்கே நிதானிக்கலாம் என்பதைப் பிரித்தறிய உதவுவதே இவ்வழிகாட்டியின் நோக்கம். உங்கள் நோயாளியைப் பார்க்கும் வைத்தியரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்வது மட்டுமே இதன் வேலை.

மூன்று நிலைமைகளில் உங்களுடையது எது?

முதலாவது, இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று முழுமையாக அடைபட்டு ஏற்படும் மாரடைப்பு. ஈசீஜீயைப் பார்த்தவுடன் வைத்தியர்கள் அவசரமாக இயங்கத் தொடங்குவது இந்த வகைக்குத்தான். வயதானவர்களுக்கு, குறிப்பாக நீண்டகாலச் சலரோகம் உள்ளவர்களுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வகையான வலி வராமலே இது வரலாம் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், உடல் முழுவதும் குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம், இன்னதென்று சொல்லத் தெரியாத தளர்ச்சி, சில வேளைகளில் வெறும் தடுமாற்றமான பேச்சு ஆகியவை மட்டுமே அறிகுறிகளாக இருக்கக்கூடும். அப்போது 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமானது. அதில் பயிற்சி பெற்றவர்களும் ஒட்சிசனும் உண்டு, முச்சக்கரவண்டியில் அவை இல்லை. படுவான்கரையின் உள்ளூர்க் கிராமங்களில் இருப்பவர்கள், வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் கணக்கில் வைத்து இன்னும் முன்னதாகவே அழைக்க வேண்டும்.

இந்த வகை மாரடைப்பில், அடைப்பைத் திறக்கும் சிகிச்சையை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய இடத்துக்குப் போய்ச்சேர முடியுமானால் நேரடியாகப் பலூன், ஸ்டென்ட் சிகிச்சை (அடைபட்ட குழாயைப் பலூனால் விரித்து, மறுபடி மூடாமலிருக்கச் சிறு வலைக்குழாயை உள்ளே வைப்பது) செய்வதே சிறந்தது. முடியாவிட்டால் குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, அதன்பின் கெத் லாப் (அஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்யும் கூடம்) வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் மூளையில் குருதிக்கசிவு ஏற்படும் ஆபத்து இளையவர்களைவிட அதிகம். அதனாலேயே டெனெக்டெப்லேஸ் என்ற மருந்தை அந்த வயதினருக்குப் பாதி அளவில் கொடுக்கும் வழக்கம் வந்தது. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த வகை மாரடைப்புக்கு அவசரமாக ஸ்டென்ட் வைக்கப்பட்டாலும், பத்தில் ஒருவரோ அதற்கும் அதிகமானோரோ வைத்தியசாலையிலேயே இறந்துவிடுகிறார்கள். குருதியமுக்கம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களில் இது பாதியை நெருங்கும். இந்த எண்ணைக் கேட்டுப் பயந்து "வயது போன ஆள், சும்மா விடுங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. ஏனெனில் இதில் பெரும்பகுதி மாரடைப்பினால் வரும் ஆபத்து, சிகிச்சையினால் வருவதல்ல. ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்த எண் இன்னும் உயரும். அதுவரை நடமாடித் திரிந்த ஒரு முதியவருக்கு இங்கே வயதைக் காரணம் காட்டித் தயங்குவது, குடும்பம் எடுக்கக்கூடிய மிக விலையுயர்ந்த முடிவு.

இரண்டாவது, குழாய் முழுதாக அடைபடாத மாரடைப்பு. ஈசீஜீ தெளிவாகக் காட்டாமலிருக்க, ட்ரொபோனின் என்ற குருதிப் பரிசோதனையில் தெரியவரும். முதியவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். மருந்துகளால் வலி அடங்கி, நிலைமை ஓரளவு சீரானவர்களுக்கு முடிவெடுக்கச் சில மணி நேரமோ சில நாட்களோ கிடைக்கும். இந்த வயதினரை மட்டும் எடுத்துச் செய்யப்பட்ட இரண்டு ஆய்வுகள் இங்கே கைகொடுக்கின்றன. நோர்வேயில் எண்பது வயதும் அதற்கு மேலுமான 457 பேரில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆஃப்டர் எயிட்டி ஆய்வில், அஞ்சியோகிராம் வழியில் போனவர்களில் 40.6 சதவீதத்தினருக்கும், மருந்தோடு மட்டும் வைத்திருந்தவர்களில் 61.4 சதவீதத்தினருக்கும் மரணம், மறுபடி மாரடைப்பு, பாரிசவாதம், அவசர ஸ்டென்ட் ஆகியவற்றில் ஏதாவதொன்று நேர்ந்தது. வித்தியாசம் பெரும்பாலும் மறு மாரடைப்பும் அவசர சிகிச்சையும் குறைந்ததால் வந்ததே ஒழிய, மரணம் குறைந்ததால் வந்ததல்ல. பிரித்தானியாவில் எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 1,518 பேரில் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான சீனியர் ரீட்டா ஆய்வும் ஏறத்தாழ அதையே சொன்னது: இருதய மரணத்தையும் மாரடைப்பையும் சேர்த்துப் பார்த்தால் இரு தரப்பும் சமம் (25.6, 26.3 சதவீதம்), மறு மாரடைப்பு மட்டும் 15 சதவீதத்திலிருந்து 11.7 ஆகக் குறைந்தது. சிகிச்சையின்போது ஏற்பட்ட சிக்கல்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இதை வீட்டு மொழியில் சொன்னால், இந்த நிலைமையில் அஞ்சியோகிராம் செய்வது அடுத்த மாரடைப்பைத் தவிர்க்க உதவும். ஆயுளை நீட்டும் என்று உறுதி சொல்ல முடியாது. எனவே செய்வதும் தகும், செய்யாமல் மருந்தோடு வைத்துக்கொள்வதும் தகும். ஆனால் மருந்து கொடுத்தும் வலி திரும்பத் திரும்ப வந்தாலோ, நுரையீரலில் நீர் சேர்ந்தாலோ, ஈசீஜீ மாறிக்கொண்டே போனாலோ தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அப்போது காத்திருப்பதற்கில்லை.

மூன்றாவது, நிலையான நெஞ்சுவலி. கோயில் படியேறும்போதோ, சந்தையிலிருந்து பையோடு நடந்து வரும்போதோ வந்து, நின்று இளைப்பாறினால் போய்விடும் வலி. மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருப்பது. இதற்கு ஸ்டென்ட் வைத்தால் மாரடைப்பு வராது, ஆயுள் கூடும் என்று நம்பிக்கொண்டு பலர் போகிறார்கள். 5,179 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிடுகையில் மரணத்திலோ மொத்த மாரடைப்புகளிலோ தெளிவான குறைவு காணப்படவில்லை. ஸ்டென்ட் குறைப்பது வலியைத்தான். அதுவும் சிறிய விஷயமல்ல: கிணற்றடிக்குப் போகவே பயப்படும் ஒருவருக்கு வலியில்லாமல் நடப்பது பெரிய ஆறுதல். ஆகவே இந்த நிலைமையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மருந்துகளை உரிய அளவில், ஒழுங்காகக் குடித்தும் வலி அவருடைய நாளைக் கெடுக்கிறதா? இல்லையென்றால் அவசரம் எதுவுமில்லை. இருதயத்தின் இடது பக்கத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் இடது பிரதான குழாயில் கடுமையான சுருக்கம் இருப்பவர்களும், குருதியை வெளித்தள்ளும் இருதயத்தின் திறன் மிகவும் குறைந்தவர்களும் இதற்கு விதிவிலக்கு. அவர்களைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

எண்களைக் கேட்பதும் வாசிப்பதும்

"ரிஸ்க் இருக்கா டொக்டர்?" என்று கேட்டால் "இருக்கு, ஆனால் செய்யலாம்" என்ற பதில்தான் வரும். அதைக் கொண்டு எந்தக் குடும்பமும் முடிவெடுக்க முடியாது. "இவரைப் போன்ற நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை பேருக்குப் பாரிசவாதம் வரும், எத்தனை பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கும்?" என்று கேளுங்கள். பொதுவான அளவுகளைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு எளிதாகும். அஞ்சியோகிராம் மட்டும் செய்வதில் எல்லா வயதினரையும் சேர்த்து மரண ஆபத்து ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. முதியவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடும். அவசரமற்ற ஸ்டென்ட் சிகிச்சையில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை. நெஞ்சைத் திறந்து, அடைப்பைச் சுற்றிக் குருதி போக மாற்றுக் குழாய் பொருத்தும் பைபாஸ் சத்திரசிகிச்சையில் அதே வயதினருக்கு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு முதல் எட்டு வரை, உடல் உறுதியாக உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் இடங்களில் அதைவிடக் குறைவு. பைபாஸுக்கு ஆபத்தை முன்கூட்டிக் கணிக்க யூரோஸ்கோர் என்ற கணிப்பு முறை இருக்கிறது. வயது, சிறுநீரகம், நுரையீரல், முந்திய மாரடைப்பு முதலியவற்றைக் கொடுத்தால் சதவீதமாக வரும். அந்தச் சதவீதம் எவ்வளவு என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவுமில்லை.

ஊசி போகும் இடத்தையும் கேளுங்கள். மணிக்கட்டு வழியாகச் செய்தால் குருதிப்பெருக்கு ஆபத்து தொடைவழியைவிடத் தெளிவாகக் குறைவு. முடிந்தவுடன் மணிக்கட்டில் ஒரு அழுத்தப் பட்டியைப் போட்டு, சில மணி நேரத்தில் எழுந்து உட்கார விடுவார்கள். தொடைவழி என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும். முதுகுவலி உள்ள கிழவருக்கு, அதுவும் புரோஸ்டேட் வீக்கத்தால் படுத்தபடி சிறுநீர் கழிக்க முடியாதவருக்கு, அந்த ஆறு மணி நேரம் சிகிச்சையைவிடக் கொடியதாக இருக்கும். வயதாக ஆகக் குழாய்கள் வளைந்து, சுண்ணாம்பு படிந்து கடினமாகிவிடுவதால் சிலருக்குத் தொடைவழியைத் தவிர வேறு வழி இருக்காது. முன்பே தெரிந்திருந்தால் ஆயத்தமாகலாம்.

விறாந்தையில் ஒரு சோதனை

வைத்தியர்கள் வயதைவிடக் கவனமாகப் பார்ப்பது உடல் நலிவை. நிறை குறைந்துகொண்டே போதல், பிடிமானம் தளர்தல், விழுதல், தானாகக் குளித்து உடுத்த இயலாமை, ஞாபகமறதி ஆகியவை சேர்ந்த நிலை அது. இதை வீட்டிலேயே ஓரளவு அளந்துவிடலாம். விறாந்தையிலோ முற்றத்திலோ ஐந்து மீற்றர் தூரத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே அவரை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, முதற்கோட்டைத் தாண்டும்போது தொலைபேசியில் நேரத்தைத் தொடங்கி இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். ஊன்றுகோல் பாவிப்பவர் ஊன்றுகோலோடு நடக்கலாம். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டு இருதய சத்திரசிகிச்சைக்குப் போன 131 பேரைக் கொண்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஐந்து மீற்றரைக் கடக்க ஆறு விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மரணமோ பெரும் சிக்கலோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. "வாப்பா ஐந்து மீற்றர் நடக்க ஒன்பது விநாடி எடுக்கிறார், போன வருடம் கடைத்தெருவுக்குத் தனியாகப் போனவர்" என்று நீங்கள் சொல்வது, "நல்ல பலமான ஆள் டொக்டர்" என்று சொல்வதைவிடப் பத்து மடங்கு உபயோகமான தகவல்.

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். பெற்றோர் தளர்ந்துவிட்டதை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்படுகிறோம். சொன்னால் சிகிச்சை கிடைக்காதோ என்றும் பயப்படுகிறோம். நலிவு இருந்தால் சிகிச்சை இல்லை என்பதல்ல. பைபாஸுக்குப் பதில் ஸ்டென்ட், எல்லாக் குழாய்க்கும் பதில் முக்கியமான ஒன்றுக்கு மட்டும் என்று அளவை மாற்றிக்கொள்ள அது உதவும். மறுபக்கமும் உண்டு: மாரடைப்போடு பல குழாய்களில் சுருக்கம் இருந்த, எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 1,445 பேரில் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஃபயர் ஆய்வில், குருதியோட்டத்தை அளந்து பார்த்து மற்றக் குழாய்களையும் சரிசெய்தவர்களுக்கே ஒரு வருட முடிவில் பலன் நன்றாக இருந்தது. வயதானவர் என்பதற்காக அரைகுறையாக விடுவதும் எப்போதும் சரியல்ல.

சிறுநீரகம்

அஞ்சியோகிராமுக்குக் குழாயில் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய போன்ற பகுதிகளில் சிறுநீரக நோய் ஏற்கனவே பெரும் பிரச்சினை. சலரோகமும் உயர் குருதியமுக்கமும் உள்ள முதியவர்களுக்கு எங்கிருந்தாலும் அது கவலை. எனவே செல்லும் முன் கிரியேட்டினின் அளவையும், அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈஜீஎப்ஆர் அளவையும் எழுதி வாங்குங்கள். நான் முதலில் விசாரிக்கச் சொல்வது முழங்கால்வலி மாத்திரையைப் பற்றித்தான். டைக்ளோபெனாக் வகை மாத்திரைகளை மருந்துக்கடையில் பத்து, இருபது என்று வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக் குடிக்கும் வழக்கம் நம் கிழவர், கிழவிகளுக்கு நிறைய உண்டு. கிளினிக் கொப்பியில் அது இருக்காது. அது சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் கெடுதி. சாயத்தோடு சேர்ந்தால் இரட்டைக் கெடுதி. உறவினர் கொடுத்த கஷாயம், லேகியம் இருந்தாலும் சொல்லுங்கள். மெட்ஃபோமின், வார்ஃபரின், நீர்மாத்திரை ஆகியவற்றை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முந்திய நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் பயணம் செய்து போய்ச்சேர்வது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. இருதயம் பலவீனமானவருக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாயத்தால் ஏற்படும் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்தே குருதியில் உச்சமாகத் தெரியும். ஆதலால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு மூன்றாம் நாள் அளவில் அருகிலுள்ள வைத்தியசாலையில் கிரியேட்டினின் பார்க்க ஏற்பாடு செய்துவிடுங்கள். களுவாஞ்சிக்குடியிலோ, கல்முனையிலோ, அக்கரைப்பற்றிலோ செய்யக்கூடிய சாதாரணப் பரிசோதனை அது.

பைபாஸ் என்று சொன்னால்

மூன்று குழாய்களிலும் அடைப்பு, இடது பிரதான குழாயில் அடைப்பு, அதோடு சலரோகம் என்றால் பெரும்பாலும் பைபாஸே நீண்டகாலப் பலன் தரும் என்று சொல்வார்கள். அறுபத்தைந்து வயதானவருக்கு அது நல்ல கணக்கு. எண்பத்திரண்டு வயதில் அந்த "நீண்டகாலம்" எவ்வளவு என்பதையும், அதற்கு முன்கூட்டிக் கொடுக்கும் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நெஞ்செலும்பு ஒட்டக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். முதியவர்களுக்கு மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருதயத்துடிப்பு ஒழுங்கு தவறும். பெரும்பாலும் மருந்தில் சரியாகும். பாரிசவாதம் இந்த வயதில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு வரலாம்.

குடும்பங்கள் எதிர்பாராதது சித்தத் தடுமாற்றத்தைத்தான். இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் முதியவர்களில் நான்கில் ஒருவருக்காவது, சில இடங்களில் பாதிப்பேருக்கு, சில நாட்கள் நினைவு குழம்பும். இரவில் எழுந்து ஊசிக் குழாயைப் பிடுங்குவார். மகனை அண்ணன் என்று கூப்பிடுவார். தாதியர் நஞ்சு கொடுப்பதாகச் சொல்வார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் சிலருக்கு ஞாபகசக்தி பழைய நிலைக்கு வருவதில்லை என்பதையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ, சுற்றிலும் சிங்களமே பேசப்படும் வார்டில், கண்ணாடியும் காதுக்கருவியும் பறிபோய்ப் படுத்திருக்கும் மட்டக்களப்பு மனிதருக்கு இந்தக் குழப்பம் இலகுவில் வரும். ஆதலால் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரையும், அவருக்கு மிகப் பழக்கமான ஒருவரையும் மாறிமாறி அருகில் வைத்திருக்க அனுமதி கேளுங்கள். கண்ணாடி, காதுக்கருவி, பற்செட், நேரம் தெரியும் கடிகாரம் ஆகியவற்றைப் பையில் முதலில் வையுங்கள். தினமும் நாளையும் இடத்தையும் சொல்லுங்கள், பகலில் உட்கார வையுங்கள், இரவில் தூங்க விடுங்கள்.

வீட்டையும் பார்க்க வேண்டும். பைபாஸ் முடிந்து வருபவர் கைகளை ஊன்றி எழும்பக் கூடாது. பாயில் படுக்கும் வீட்டில் கட்டில் வேண்டும். குந்தும் மலசலகூடமாக இருந்தால் கொமோட் கதிரை வேண்டும். கிணற்றில் வாளி இழுப்பது மாதங்களுக்குக் கிடையாது. இவற்றை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் திகதி எடுக்காதீர்கள்.

முடிவு யாருடையது?

நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் வார்டுக்கு வெளியே நடைபாதையில், டோஹாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் இணைந்திருக்க நடக்கிறது. உள்ளே கட்டிலில் இருப்பவர் மட்டும் அதில் இல்லை. பயந்துவிடுவார் என்பது காரணம். எண்பது வருடம் புயலும் வெள்ளமும் யுத்தமும் சுனாமியும் கண்டவர்களுக்கு ஒரு குழாய் அடைப்பைக் கேட்டுப் பயந்துபோகும் மனம் அநேகமாக இருப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணத்தை அனுப்புகிறார்கள், நல்ல மனதுடன்தான். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எதையாவது செய்வதே அன்பாகத் தெரியும், பக்கத்தில் இருந்து மூத்திரச்சட்டி ஏந்துபவருக்கு அது அப்படித் தெரிவதில்லை.

அவரிடம் நேரடியாகக் கேளுங்கள், வைத்தியரின் முன்னிலையில் என்றால் இன்னும் நல்லது. வலி குறைவதா முக்கியம், இன்னும் சில காலம் இருப்பதா முக்கியம், யாருக்கும் பாரமாகாமல் தன் வேலையைத் தானே செய்வதா முக்கியம் என்று கேளுங்கள். படுக்கையில் விழும் வாய்ப்பு இத்தனை என்று சொன்னால் அதற்கும் சம்மதமா என்று கேளுங்கள். வைத்தியரிடம் நான்கு விஷயம்: இது செய்தால் ஆயுளா வலியா, எது மாறும்? செய்யாவிட்டால் அடுத்த ஒரு வருடத்தில் என்ன நடக்கக்கூடும்? மருந்தால் இன்னும் செய்யக்கூடியது மிச்சம் இருக்கிறதா? சிக்கல் வந்தால் எங்கே, எவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டிவரும்? சம்மதப் படிவம் தமிழில் இல்லையென்றால், தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். "வேண்டாம்" என்று அவர் தெளிவான மனதோடு சொன்னால் அதுவும் ஒரு முடிவே. கிளினிக் தொடரும், மருந்து தொடரும், பின்னர் வலி கூடினால் மனதை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

போகும் முன்

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று எங்கே கிளினிக் போனாலும், சிகிச்சை எந்த ஊரில், எந்தத் திகதியில் என்று எழுதிய மாற்றுக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முதல்நாள் இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி போய் மறுநாள் காலை வார்டில் சேர்ப்பது இருதயம் பலவீனமான முதியவருக்கு ஏற்றதல்ல. ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குங்கள். ஈசீஜீத் தாள்கள் நாளடைவில் வெளிறி ஒன்றும் தெரியாமல் போய்விடும்; எடுத்த அன்றே தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். டயக்னோசிஸ் கார்ட்கள், எக்கோ அறிக்கை, பழைய அஞ்சியோகிராம் சீடீ ஆகியவற்றை ஒரே கோப்பில் போடுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், அவர் மறைத்து வைத்திருப்பதையும் சேர்த்து, ஒரு சொப்பிங் பையில் அப்படியே கொண்டுபோங்கள். பணம் தேவைப்பட்டால் வட்டிக்கு வாங்குவதற்கு முன் ஜனாதிபதி நிதியத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சிகிச்சைக்கு முன்பே விசாரிப்பது நல்லது.

வீடு திரும்பிய பின்

ஸ்டென்ட் வைத்தவருக்குக் குருதி உறையாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துத் தரப்படும். மாரடைப்புக்குப் பின் வழக்கமாகப் பன்னிரண்டு மாதம், நிலையான நோய்க்கு ஆறு மாதம். குருதிப்பெருக்கு ஆபத்து அதிகமுள்ள முதியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதமாகக் குறைப்பதும் இன்றைய நடைமுறையில் உண்டு. காலத்தைக் குறைப்பது வைத்தியரின் வேலை. பல் பிடுங்க, கண்ணில் கட்டரக்ட் வெட்ட என்று யாராவது நிறுத்தச் சொன்னால் இருதய கிளினிக்கைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். முதல் மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் குருதி உறைந்து, வந்ததைவிட மோசமான மாரடைப்பு வரலாம். டிகாக்ரெலோர் என்ற மருந்து முதியவர்களுக்குக் குளோபிடோக்ரலைவிடக் குருதிப்பெருக்கை அதிகமாக்கும் என்பது 2020 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் தெரிந்தது. அது எழுதப்பட்டிருந்தால் காரணம் கேட்பதில் தவறில்லை. வயிற்றுக்குப் பாதுகாப்பாகப் பன்டோப்ரசோல் போன்ற மாத்திரை வேண்டுமா என்றும் கேளுங்கள். மலம் தார்போல் கறுத்தால், காரணமில்லாமல் தலைசுற்றினால், விழுந்து தலையில் அடிபட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடிபட்டு வெளியே காயம் இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

நோன்பு காலத்தில் மாத்திரை நேரங்களைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா, அல்லது இவ்வருடம் நோன்பை விடுவதே நல்லதா என்பதை ரமழானுக்கு முந்திய கிளினிக்கில் பேசி முடியுங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்கும் அப்படியே. உகந்தையைத் தாண்டிக் குமண காட்டுக்குள் இறங்கிவிட்டால் அம்புலன்ஸ் கிடையாது. சிகிச்சை முடிந்த முதல் வருடத்தில் நடந்து போவதற்கு நான் யாரையும் ஊக்குவிக்க மாட்டேன், பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வரலாம். மற்றபடி நடை நல்லது. முதல் வாரம் வீட்டு முற்றத்தில், பிறகு வெயில் ஏறுமுன் ஒழுங்கை முடிவு வரை, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வேகத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். மணிக்கட்டிலோ தொடையிலோ ஊசி போன இடம் வீங்கிக் கடினமானால், கை கால் குளிர்ந்து நிறம் மாறினால், நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரைக்கும் அடங்காமல் வலி திரும்பினால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் 1990 ஐ அழையுங்கள். ஸ்டென்ட் வைத்த திகதியும் வைத்தியசாலையின் பெயரும் எழுதிய அட்டையை அவருடைய சட்டைப்பையிலோ சேலை மடிப்பையிலோ எப்போதும் இருக்கும்படி வையுங்கள்.